417-ம் நம்பர் டோக்கன்

ஆரம்பகாலக் குழந்தை வளர்ச்சி மற்றும் தாய்நல உயராய்வு நிறுவனம், கோலார் பக்கத்துச் சுரங்க ஊரான பாலகாட்டுக்கு வந்தபோது முதலில் தகராறு செய்தது அதன் பெயர்ப்பலகைதான். பூட்டிக்கிடந்த பழைய ஸ்டோர் கட்டடத்துக்கு வெள்ளையடித்துப் பலகையை மாட்டப் போனால் பெயர் நீளமாக இருக்கிறது, சுவர் குட்டையாக இருக்கிறது. பெங்களூருக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். பெயரில் ஓர் எழுத்தைக்கூடக் குறைக்க முடியாது, வேண்டுமானால் சுவரைக் கவனியுங்கள் என்று பதில் வந்தது. கடைசியில் பலகையை இரண்டாக அறுத்து, குழந்தை வளர்ச்சியை ரோட்டுப் பக்கமும் தாய்நலத்தை மூலை திரும்பிக் கக்கூஸ் பக்கமும் அடித்தார்கள். தாய்நலம் என்று ஒன்று இருப்பது வயிறு சரியில்லாதவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அங்கே ஆனிக்குச் 'சமூக இணைப்பாளர்' வேலை கிடைத்தது. சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய பாலகாட் லைன் வீடுகளில் பிறந்து அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள், நாற்பது வயது, யார் வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்காமலே சொல்லக்கூடியவள். முதல் நாள் பதினோரு பக்கப் பத்திரம் ஒன்றை நீட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். தான் பார்த்ததையும் கேட்டதையும் தெரிந்துகொண்டதையும் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்பதுதான் பதினோரு பக்கமும். இதை ஒரே வரியில் எழுதியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. நிறுவனத்தின் பெயர் ஞாபகம் வரவே சும்மா இருந்துவிட்டாள்.

வேலையை விளக்கியவர் மஞ்சுநாத். தரவுத் தூய்மை அலுவலர், கன்னடம் கலந்த தமிழ் பேசுகிறவர். நல்ல மனிதர். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைத் துடைப்பார், எழுந்த பின்னாலும் துடைப்பார். அறுபது கர்ப்பிணிகள், பிறகு அவர்களுடைய அறுபது குழந்தைகள். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி முப்பது பேரை ஆலோசனைக் குழுவில் போட்டிருக்கிறது. அவர்களுக்குச் சத்து மாத்திரை, சாப்பாட்டு யோசனை, குழந்தைக்கு விளையாட்டுச் சாமான். மீதி முப்பது பேர் ஒப்பீட்டுக் குழு.

"அவங்களுக்கு இன்னா சார் குடுப்போம்?" என்று ஆனி கேட்டாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது, ஆனி அவரே. ஒண்ணும் வாங்காம இருக்கறதுதான் அவங்க கெலசா, அவங்க வேலை. அவங்க சும்மா இருந்தாத்தான் இவங்க முன்னேறினது கண்ணுக்குத் தெரியும்."

"ஏதாவது கேட்டாங்கன்னா?"

"'உங்கள் கேள்விக்கு நன்றி'ன்னு சொல்லணும். சிரிச்சிக்கினே சொல்லலாம். அதுக்கு அனுமதி இருக்கு."

ரத்தம் மட்டும் பாரபட்சமில்லாமல் அறுபது பேரிடமும் மாதாமாதம் எடுக்கப்பட்டது. அது ஐஸ் பெட்டியில் பெங்களூருக்குப் போய், முடிவு ஒரு கம்ப்யூட்டரில் பூட்டப்பட்டு, ஆய்வு முடியும் வரை யாரும் பார்க்க முடியாது. மூன்று வருடம்.

யாருடைய பெயரையும் நிறுவனத்துக்குள் உச்சரிக்கக் கூடாது என்பதால் பெண்கள் கழுத்தில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லையை மாட்டினார்கள். 401 முதல் 460 வரை. வாட்ச்மேன் டென்சில் அந்த வில்லைகளை இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் யாரிடமும் கேட்காமல் வாசலில் ஒரு பலகையை நிறுத்தி அறுபது ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி நம்பர் எழுதிவிட்டார். சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்ட் வாயில், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்தவர் அவர். உள்ளே போகும்போது டோக்கனைப் பலகையில் மாட்டு, வெளியே வரும்போது எடுத்துக்கொள். பாலகாட் பெண்கள் ஒருத்தியும் இதற்கு விளக்கம் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் அப்பாவோ மாமனாரோ பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுக் கேஜில் இறங்கியவர்கள். ஷிஃப்ட் முடிந்து ஒரு டோக்கன் பலகையில் மிஞ்சினால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவன் வரும் வரை ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். சுரங்கத்தை மூடி இருபத்தைந்து வருடம் ஆகப் போகிறது, இந்தப் பழக்கத்தை மூடச் சொல்லி மட்டும் எந்த உத்தரவும் வரவில்லை.

மஞ்சுநாத் பலகையைப் படம் பிடித்துப் பெங்களூருக்கு அனுப்பினார். நிறுவனத்தின் செய்தி மடலில் 'பங்கேற்பாளர்கள் தாமாக உருவாக்கிய சுவர்க்கலை' என்று வண்ணத்தில் வந்தது.

மாலா 417. அடுத்த வீட்டு ஷில்பா 418. கம்ப்யூட்டர் ஷில்பாவை ஆலோசனைக் குழுவிலும் மாலாவை ஒப்பீட்டுக் குழுவிலும் போட்டது. கம்ப்யூட்டர் லைன் வீட்டைப் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஷில்பா வீட்டில் நிறுவனம் வைத்த, ஆலோசனை சொல்லும் மெஷின் 'இரும்புச் சத்து' என்று ஆரம்பித்ததும் மாலா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரமாக வந்து உட்கார்ந்துகொள்வாள். ஷில்பாவும் தனக்குச் சொன்னபடி முருங்கைக்கீரை பொரியலும் ராகிக் களியும் செய்து ஒரு கிண்ணம் சுவருக்கு மேலே நீட்டுவாள்.

இதை ஷில்பாவே சந்தோஷமாக மஞ்சுநாத்திடம் சொன்னாள். பாராட்டுவார் என்று நினைத்திருக்கிறாள். அவர் நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் டேப்போடு வந்து சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்தார். இரண்டடி மூன்று அங்குலம். 'ஆலோசனைக் கசிவு', 'கீரைக் கசிவு' என்று தனித்தனியாக இரண்டு அறிக்கை போனது. பெங்களூரில் ஐந்து பேர் கமிட்டி கூடி, கீரை காற்றில் பரவுமா என்று ஒருவர் கேட்டு, அதற்கு ஒரு துணைக் கமிட்டியும் போட்டார்கள். பிறகு மஞ்சுநாத் ஓர் உறுதிமொழித் தாளை எடுத்துக்கொண்டு ஷில்பா வீட்டுக்கு வந்தார்.

"நோடி, பாருங்க ஷில்பா அவரே, கிண்ணம் அந்தப் பக்கம் போகக் கூடாது. அவ்ளோதான்."

"அந்தக் கிண்ணமே மாலாதுதான் சார். போன வாரம் ரசம் குடுத்து அனுப்புச்சி. வெறும் கிண்ணத்தையா திருப்பிக் குடுப்பாங்க?"

மஞ்சுநாத் யோசித்தார். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தைச் சமூகத்தில் வளர்க்க மூன்று மாதப் பயிற்சி தேவை என்று குறித்துக்கொண்டார். அதுவரைக்கும் இடைவெளியைத் தெர்மோகோல் வைத்து அடைத்தார்கள். முதல் மழையில் அது ஊறி மாலாவின் குழம்புச் சட்டியில் விழுந்தது.

வீட்டில் தோற்ற தெர்மோகோல் நிறுவனத்தில் ஜெயித்தது. ஆலோசனைக் குழுவுக்கு வகுப்பு நடக்கும்போது ஒப்பீட்டுக் குழுப் பெண்கள் காதில் ஒரு வார்த்தையும் விழுந்துவிடக் கூடாது என்று பின்பக்கம் ஓர் அறையைத் தயார் செய்தார்கள். நாலு சுவரிலும் தெர்மோகோல், தானாகச் சாத்திக்கொள்ளும் இரட்டைக் கதவு. 'அமைதி அறை' என்று பெயர். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது என்பதை மஞ்சுநாத்தே உள்ளே நின்று கத்திப் பரிசோதித்தார். அவர் கத்தினாரா இல்லையா என்று வெளியே நின்ற ஆனிக்குத் தெரியவில்லை. அதனால் பரிசோதனை வெற்றி என்று எழுதினார்கள்.

மாலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் பாப்பா, நிறுவனத்தில் 417-அ. மூன்றாம் மாதத்திலிருந்து குழந்தைகளுக்கும் பரீட்சை. சிவப்பு மரக்கட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மஞ்சுநாத் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சரியாக நாலு நிமிஷம். ஆலோசனைக் குழுக் குழந்தை கட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒப்பீட்டுக் குழுக் குழந்தையிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது விளையாடி வளர்ந்துவிடும். பிடுங்கியதும் பாப்பா வீறிட்டு அழும். 'உணர்ச்சி வெளிப்பாடு: மிக நன்று' என்று எழுதிக்கொள்வார்கள்.

பாப்பா நன்றாகத்தான் இருந்தாள். மாலாதான் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ஆனி இதை ஒவ்வொரு நாளும் பார்த்தாள். பதினோரு பக்கக் கையெழுத்தும் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு நாள் குழாயடியில் மனசு தாங்காமல் சொல்லியே விட்டாள்.

"மாலா, கோலார் பெரிய ஆஸ்பத்திரில ஒரு தபா காட்டிக்கினு வா. உன் மூஞ்சியே சரியில்ல."

"எதுக்குக்கா?" என்றாள் மாலா. "அவ்ளோ பெரிய டாக்டருங்க மாசாமாசம் ரத்தம் எடுக்கறாங்க. ஏதாவது இருந்தா சொல்ல மாட்டாங்களா?"

ஆனி மாலாவின் குடத்தைத் தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். மாத்திரை கொடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் அரசாங்கச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அம்மாகூட, பெங்களூர்க்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மாலா வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். மாலாவின் புருஷன் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்ப் பொழுது சாய்ந்து வருகிறவன். அவனுக்கும் அதே நம்பிக்கைதான். ஊரில் மற்ற பொம்பளைகளைக் கவனிக்க ஆள் இல்லை, நம் பெண்டாட்டிக்கு ஒரு நிறுவனமே இருக்கிறது என்று ரயிலில் பெருமையாகச் சொல்லுவானாம்.

இயக்குநர் டாக்டர் பிரதாப் அடுத்த முறை வந்தபோது ஆனி அவரையே வழிமறித்துக் கேட்டாள். அவர் மேடைத் தமிழ் பேசுகிறவர், ஒற்றை ஆளிடமும் கூட்டத்தில் பேசுவதுபோலவே பேசுவார்.

"அம்மா, 417-இன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக நாங்கள் எவ்வளவு பாடுபடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியுமா? பூட்டுக்கே பெரும் பொருள் செலவழித்திருக்கிறோம். தெரிந்தால் மனம் கேட்காது, மாத்திரை கொடுத்துவிடுவோம். கொடுத்தால் அவர் தேறிவிடுவார். ஒருவர் தேறிவிடுவார், ஆனால் உலகத் தாய்மார்களின் கதி என்ன? நான் உலகத் தாய்மார்களைப் பார்ப்பதா, உங்கள் 417-ஐப் பார்ப்பதா?"

"எதிர்ல இருக்கறவங்கள பாக்கலாமே சார்" என்றாள் ஆனி.

"உங்கள் கேள்விக்கு நன்றி" என்றார் டாக்டர் பிரதாப். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த மாதம் டெல்லியிலிருந்து மூன்று பேர் மதிப்பீட்டுக் குழுவாக வந்தார்கள். வாசலில் கோலம், கூடத்தில் ஷாமியானா, அறுபது பெண்களும் பிள்ளைகளோடு ஆஜர். அறுபது ஆணியிலும் அறுபது டோக்கன். முதலில் ஆலோசனைக் குழு எப்படிக் கூழ் ஊட்டுகிறது என்று டெல்லிக்காரர்களுக்குச் செய்து காட்டினார்கள். அந்த நேரம் முழுக்க ஒப்பீட்டுக் குழு அமைதி அறையில். பிறகு குரூப் போட்டோவுக்காக அவர்களைக் கூப்பிட்டார்கள். மாலா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, "நீங்க போங்க, ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கினு வரேன்" என்றாளாம். மற்றவர்கள் வெளியே வந்தார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டாக்டர் பிரதாப் ஒரு மணி நேரம் பேசினார். "இத்தகைய ஆய்வுகளில் பாதியில் காணாமல் போகிறவர்கள் பத்தில் மூவர். நம் ஆய்வில் பூஜ்யம். ஒரு தாயைக்கூட நாம் தவறவிட்டதில்லை. ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்பது எந்த நேரமும் கம்ப்யூட்டருக்குத் தெரியும்" என்றார். கைதட்டினார்கள். பெண்களுக்குச் சமோசாவும் எவர்சில்வர் டப்பாவும் கொடுத்து, மூன்று பத்துக்கு நிகழ்ச்சி முடிந்ததாக மஞ்சுநாத் கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினார்.

ஷில்பா பலகையில் தன் டோக்கனை எடுத்தாள். பக்கத்து ஆணியில் 417 தொங்கிக்கொண்டிருந்தது.

"டென்சில் அண்ணே, மாலா டோக்கன் இருக்குது."

டென்சில் திரும்பிப் பார்த்தார். போய் கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார். படியிறங்கிப் போன பெண்கள் திரும்பி வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஐம்பத்தொன்பது பேரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றார்கள்.

மஞ்சுநாத் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "417 போயாச்சு. நோடி, 'வெளியேறினார், மூன்று பத்து'. எல்லாரும் மூணு பத்துக்கு வெளியேறிட்டீங்க."

"நாங்க இங்கதான் சார் நின்னுனு கீறோம்" என்றாள் ஷில்பா.

"அது நீங்க நிக்கறது. கம்ப்யூட்டர் பிரகாரம் நீங்க வீட்ல இருக்கீங்க."

"டோக்கன் இருக்குது சார்" என்றார் டென்சில். "டோக்கன் இருந்தா ஆளு உள்ள கீது. ஆளு வெளிய வராம கேட்டு தொறக்காது. நான் வாட்ச்மேன் வேலைய வுட்டாலும் தொறக்காது."

டெல்லி வண்டி கேட்டுக்கு உள்ளேயே உறுமிக்கொண்டு நின்றது. இந்தப் பெண்கள் ஏன் போகாமல் நிற்கிறார்கள் என்று குழுத் தலைவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார். டாக்டர் பிரதாப் கொஞ்சமும் தயங்கவில்லை. "நிறுவனத்தை விட்டுப் பிரிய மனமில்லை, அவ்வளவு பாசம்" என்று இங்கிலீஷில் சொன்னார். தலைவர் நெகிழ்ந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டார்.

ஆனிக்கு அப்போதுதான் அமைதி அறை ஞாபகம் வந்தது. ஓடினாள், ஷில்பாவும் கூடவே ஓடினாள். மஞ்சுநாத் பின்னாலேயே ஓடிவந்து, 418 அந்த அறைக்குள் போகக் கூடாது, அவர் ஆலோசனைக் குழு, கசிவு ஆகிவிடும் என்று மூச்சிரைக்கச் சொன்னார். ஷில்பா அவரை ஒரு கையால் ஒதுக்கினாள். ஆனி முதல் கதவைத் திறந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது கதவைத் திறந்ததும் பாப்பாவின் அழுகை வந்து முகத்தில் அடித்தது. தொண்டை கட்டிப் போய், எத்தனை நேரம் அழுததோ, வெறும் காற்றாக வந்தது அந்த அழுகை. மாலா தெர்மோகோலில் சாய்ந்தபடி சரிந்து கிடந்தாள். உதட்டுக்கும் சுவருக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. மூச்சு இருந்தது.

கேட்டை டென்சில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் திறந்தார். டெல்லிக்காரர்கள் மூவரையும் இறக்கிவிட்டு மாலாவை ஏற்றிய வண்டிக்கு. ஆனி 417-ஐ ஆணியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

கோலார் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மாவுக்கு, மாலாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்ததும் முகம் மாறியது. ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி நாலு. பன்னிரண்டு இருக்க வேண்டியது.

"இது ஒரு நாள்ல வந்தது இல்லம்மா. இவ்ளோ நாளா யாருமே ரத்தம் எடுத்துப் பாக்கலயா?"

"எடுத்தாங்க டாக்டரம்மா. பதிமூணு தபா" என்றாள் ஆனி.

"பாத்துட்டு இன்னா சொன்னாங்க?"

"பங்கேற்புக்கு நன்றின்னு சொன்னாங்க."

டாக்டரம்மா ரத்தம் வேண்டும் என்று எழுதினார். மாலாவின் வகை அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது என்றார்கள். ஆனியின் வகையும் அதுவே. பதினோரு பக்கத்தையும் மனசுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்த்தாள். பார்த்தது, கேட்டது, தெரிந்துகொண்டது, எல்லாம் இருந்தது. ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையை நீட்டினாள்.

மூன்றாம் நாள் காலை மாலா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. ஷில்பா கொடுத்தனுப்பிய கீரைக் கிண்ணம் பக்கத்தில் காலியாக இருந்தது. பாப்பா ஆனியின் மடியில் உட்கார்ந்து 417-ஐக் கடித்துக்கொண்டிருந்தாள். பல் முளைக்கிற நேரம்.

மஞ்சுநாத் வந்தார். ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கையில் கடிதம். '417, சமூக இணைப்பாளரின் ரத்தத்தைப் பெற்றுக்கொண்டதன் மூலம், ஆய்வு தொடங்கிய நாள் முதல் ஏற்பட்ட கசிவுகளிலேயே பெரிய கசிவுக்குக் காரணமாகியுள்ளார். அவர் இனி ஒப்பிடத் தகுந்தவர் அல்லர். ஆய்விலிருந்து விடுவிக்கப்படுகிறார். பங்கேற்புக்கு நன்றி.' ஆனிக்கும் வேலையிலிருந்து விடுவித்து ஒன்று இருந்தது, அதில் நன்றி இல்லை.

மாலா கடிதத்தை வாங்கவில்லை. "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போன மாசம் எடுத்தீங்களே, அதுல எத்தினி இருந்துச்சி?"

மஞ்சுநாத்தின் வாய் திறந்தது. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன். எதையோ சொல்ல வந்து, கடிதத்தை மடித்து வைத்தார்.

"உங்கள் கேள்விக்கு நன்றி" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

பிறகு நிறுவனத்தின் உடைமையான வில்லையைத் திருப்பித் தர வேண்டும் என்று மெல்லச் சொன்னார்.

"அது எறங்கி ஏறி வந்தவளோட டோக்கன் சார்" என்றாள் ஆனி. "இப்ப பாப்பா கைல கீது. வாங்கிக்குங்க."

மஞ்சுநாத் கையை நீட்டினார். பாப்பா அவரைப் பார்த்தாள். சிவப்புக் கட்டையை ஐந்து தடவை பிடுங்கிய அதே கை. டோக்கனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாக இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். பாப்பா அழவில்லை. அவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

"டைம் எழுதிக்குங்க சார்" என்றாள் மாலா.

அவர் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம் ஆனது. கையை மறுபடியும் நீட்டப் போனவர், நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து ஆனது. பத்து ஆனது. நர்ஸம்மா வந்து பார்வை நேரம் முடிந்தது என்று அவரை எழுப்பியபோதும் டோக்கன் பாப்பாவிடமே இருந்தது. அவர் ஸ்டூலைத் துடைக்காமல் எழுந்து போனார்.